முன்பல்லைக் கூட்டுவதா, குறைப்பதா? மோட்டார் சைக்கிள் ஸ்ப்ராக்கெட் கணக்கு

வண்டிப் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஸ்ப்ராக்கெட் (செயின் உட்காரும் பல்சக்கரம்; முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று) பேச்சு எப்படியும் வந்துவிடும். "ஒரு பல் குறைச்சேன், வண்டி பிச்சுக்கிட்டுப் போகுது" என்பார் ஒருவர். "நான் ஒரு பல் கூட்டினேன், எனக்கும் அப்படித்தான் போகுது" என்பார் அடுத்தவர். பக்கத்தில் நின்று கேட்கும் மூன்றாவது ஆளுக்குத் தலை சுற்றும். கூட்டினாலும் நல்லது, குறைத்தாலும் நல்லது என்றால் வண்டியைச் செய்தவர்கள் போட்ட எண்ணிக்கை மட்டும்தான் தப்பா?

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. முதலாமவர் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் துடிப்பைச் சொல்கிறார். இரண்டாமவர் நீண்ட சாலையில் என்ஜின் அலறாமல் ஓடுவதைச் சொல்கிறார். இரண்டையும் ‘பெர்ஃபாமன்ஸ்’ என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் குழப்பம். போதாக்குறைக்கு, பல்லைக் கூட்டியது முன்னாலா பின்னாலா என்று யாரும் சொல்வதில்லை. முன்னால் ஒரு பல் கூட்டுவதும் பின்னால் கூட்டுவதும் நேரெதிரான வேலைகள்.

அதனால் அடியிலிருந்தே தொடங்கலாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

படிக்கட்டில் ஏறிப் பாருங்கள்

இருபது படிகள் உள்ள ஒரு மாடிப்படியை ஒவ்வொரு படியாக ஏறினால் இருபது முறை காலைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கும் லேசாக இருக்கும். இரண்டிரண்டு படியாகத் தாவினால் பத்து முறை தூக்கினால் போதும், ஆனால் ஒவ்வொரு தூக்கும் தொடையில் தெரியும். எப்படி ஏறினாலும் மேலே போய்ச் சேரும் உயரம் ஒன்றுதான், உங்கள் உடல் எடையும் மாறவில்லை. மாறியது ஒரு அடிக்கு எவ்வளவு பளு, எத்தனை அடி என்பது மட்டும்.

கையில் மூட்டை இருந்தால் ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவோம். வெறுங்கையோடு இறங்கி ஓடும்போது அதே குட்டிக் குட்டி அடியாக வைத்தால் கால்தான் பரபரக்கும், வேகம் வராது. மோட்டார் சைக்கிளில் கால் என்பது என்ஜின். ஒரு அடி எவ்வளவு நீளம் என்று முடிவு செய்யும் கடைசி இடம்தான் ஸ்ப்ராக்கெட் ஜோடி.

சைக்கிளில் பெரியது முன்னால், மோட்டார் சைக்கிளில் பின்னால்

ஸ்ப்ராக்கெட் என்றால் செயின் உட்காரும் பல்சக்கரம். சைக்கிளைப் பாருங்கள்: மிதிக்கும் இடத்தில் பெரியது இருக்கிறது, பின்சக்கரத்தில் சிறியது. மோட்டார் சைக்கிளில் இது தலைகீழ். கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீட்டும் அச்சில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்று.

ஏன் இப்படி? மனிதன் நிமிடத்துக்கு 60 முதல் 90 முறை மிதிப்பான். அவன் கால் மெதுவானது, பலமானது. சக்கரம் அதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் பெரியதிலிருந்து சிறியதற்கு. என்ஜின் நேர்மாறு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் முறுக்கு குறைவு. அதன் அவசரத்தைக் குறைத்து, பலத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதனால் சிறியதிலிருந்து பெரியதற்கு.

இந்த இடத்தில் இரண்டு சொற்கள். என்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை ஆர்பிஎம். அச்சைத் திருகும் பலம் முறுக்குவிசை, பேச்சில் டார்க் என்போம். இறுக்கிய மூடியைத் திறக்க மணிக்கட்டு கொடுக்கிறதே, அதுதான் அது.

ஒரே ஒரு வகுத்தல்

பின்னால் உள்ள பற்களை முன்னால் உள்ள பற்களால் வகுத்தால் கிடைப்பது பல் விகிதம். முன்னால் 14, பின்னால் 42 என்றால் 42 ÷ 14 = 3. கியர்பாக்ஸ் அச்சு மூன்று முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். சுழற்சி மூன்றில் ஒன்றாகக் குறைகிறது, முறுக்குவிசை மூன்று மடங்காகிறது (செயினின் உராய்வில் போகும் சிறு பங்கை இங்கே விட்டுவிடுகிறேன்).

இனி மாற்றிப் பார்ப்போம். முன்னால் 13 போட்டால் விகிதம் 3.23. முன்னால் 15 போட்டால் 2.80. முன்னால் 14-ஐ அப்படியே விட்டுப் பின்னால் 45 போட்டால் 3.21. கவனித்தீர்களா? முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். விகிதம் மூன்றை ஒட்டி இருக்கும் எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முன்பல் ஒன்று ஆடினால் வண்டியின் குணமே மாறுவதாகத் தோன்றுவது இதனால்தான். பின்பல் ஒன்று மாறினால் பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

எண் பெரிதானால் இழுவைப் பக்கம், எண் சிறிதானால் ஓட்டப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். "பெரிய ஸ்ப்ராக்கெட் போடு" என்று யாராவது சொன்னால் விகிதம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பதில் எண்ணாக வராவிட்டால் அந்த அறிவுரையைத் தாராளமாக விட்டுவிடலாம்.

இதுவரை பார்த்தது: முன்பல் குறைந்தாலோ பின்பல் கூடினாலோ விகிதம் ஏறும், இழுவை கூடும், ஒரு என்ஜின் சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் குறையும். எதிர்த்திசையில் போனால் எல்லாம் எதிர்.

ஒரு கற்பனை வண்டி

வெறும் விகிதம் மனதில் நிற்காது. ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து கியர். என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் வழியிலேயே ஒரு குறைப்பு உண்டு, அது 3.1. அதன் பிறகு கியர்பாக்ஸ்: முதல் கியர் 2.8, இரண்டு 1.8, மூன்று 1.35, நான்கு 1.1, ஐந்து 0.9. கடைசியாக நம் ஸ்ப்ராக்கெட் ஜோடி, 14-க்கு 42. பின் டயரின் சுற்றளவு 2 மீட்டர்.

ஐந்தாம் கியரில் மொத்தக் குறைப்பு 3.1 × 0.9 × 3 = 8.37. அதாவது என்ஜின் 8.37 முறை சுற்றினால் டயர் ஒரு முறை சுற்றி 2 மீட்டர் போகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் என்ஜின் சுமார் 5580 ஆர்பிஎம்மில் ஓடும். முன்னால் 13 போட்டால் அதே 80-க்கு சுமார் 6010. 15 போட்டால் சுமார் 5210.

ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 400 சுற்று. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது கைப்பிடியில் வரும் நடுக்கமாகவும் காதில் விழும் இரைச்சலாகவும் தெரியும். எனக்குத் தெரிந்தவரை, ஒரு பல் குறைத்தவர்கள் முதல் வாரம் சொல்வதும் மூன்றாம் மாதம் சொல்வதும் வேறு வேறாக இருப்பது இங்கேதான்.

முதல் கியரில் மொத்தக் குறைப்பு 3.1 × 2.8 × 3 = 26.04. என்ஜின் 8000 சுற்றைத் தொடும்போது வண்டி மணிக்கு 37 கி.மீ. போகும். 13 பல்லோடு அதே 8000-ல் 34 தான். அதாவது முதல் கியர் சீக்கிரம் தீர்ந்துவிடும், இரண்டாவதற்கு மூன்று கி.மீ. முன்னதாகவே மாற வேண்டும்.

அப்படியானால் பவர் கூடியதா?

கூடவில்லை. மிகப் பரவலான தப்பு இங்கேதான் இருக்கிறது. 14-ஐ 13 ஆக்கினால் பின்சக்கரத்தில் முறுக்குவிசை 7.7 சதவீதம் கூடும். அதே என்ஜின் சுற்றில் சக்கரம் சுழலும் வேகம் அதே அளவுக்குக் குறையும். பவர், அதாவது திறன், என்பது முறுக்குவிசையும் சுழற்சியும் சேர்ந்த பெருக்கல். ஒன்று ஏற ஒன்று இறங்கினால் பெருக்கல் அப்படியே நிற்கும். ஸ்ப்ராக்கெட் ஒரு துளி பெட்ரோலைக்கூட கூடுதலாக எரிப்பதில்லை.

பிறகு அந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், இழுவை போதவில்லை. ஒரு பல் குறைத்திருந்தால் அந்தக் கியரில் 7.7 சதவீதம் கூடுதல் இழுவை கிடைத்திருக்கும். ஆனால் பழைய ஸ்ப்ராக்கெட்டோடே இரண்டாம் கியருக்கு இறங்கியிருந்தால்? நம் வண்டியில் 1.8-ஐ 1.35-ஆல் வகுத்தால் 1.33. அதாவது 33 சதவீதம் கூடுதல். இடது கால் கொஞ்சம் வேலை செய்தால் ஸ்ப்ராக்கெட் தருவதைவிட நான்கு மடங்குக்கு மேல் ஏற்கெனவே உங்களிடம் இருந்தது.

கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளியையும் பாருங்கள். நான்கிலிருந்து ஐந்துக்குப் போனால் ஆர்பிஎம் சுமார் 18 சதவீதம் விழுகிறது. ஒரு முன்பல் தருவது 7 சதவீதம். கடைசிக் கியர் இடைவெளியில் பாதிகூட இல்லை. ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் கியர்களுக்கு இடையே உள்ள அந்த இடைவெளி மாறாது. ஐந்து கியர்களும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கமாக அரை அடி நகரும், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கியரைச் சரியாகப் போட்டு ஓட்டுகிறவருக்கு ஸ்ப்ராக்கெட் மாற்றம் உண்மையில் புதிதாகத் தருவது இரண்டு ஓரங்களில் மட்டும். ஒன்று முதல் கியர், ஏனென்றால் அதற்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லை. இன்னொன்று கடைசிக் கியர், ஏனென்றால் அதற்கு மேலே ஏற வேறு கியர் இல்லை. நடுவில் இருக்கும் கியர்களில் மாறுவது எந்த வேகத்தில் கியர் மாற்றுகிறோம் என்பதுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "வண்டிக்கு பெர்ஃபாமன்ஸ் வேண்டுமா" என்பதல்ல. அந்தக் கேள்விக்கு யார் வேண்டாம் என்பார்கள்? முதல் கியரில் மூச்சு வாங்குகிறதா, கடைசிக் கியரில் அலறுகிறதா என்று கேளுங்கள்.

நடுக் கியர்களில் துடிப்பு கூடியதாகத் தோன்றுவதும் வெறும் பிரமை இல்லை. நம்மில் பலர் கியர் இறக்கச் சோம்பல்படுகிறோம். ஸ்ப்ராக்கெட் அந்தச் சோம்பலை நமக்காகக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் என்ஜின் பிடித்து நிறுத்தும் உணர்வும் கூடுவதால் வண்டி ‘டைட்டாக’ இருப்பது போலத் தோன்றும்.

டாப் ஸ்பீடு என்னும் மயக்கம்

முன்னால் ஒரு பல் கூட்டினால் டாப் ஸ்பீடு கூடும் என்பது காகிதத்தில் சரி. நம் கற்பனை வண்டி 8000 ஆர்பிஎம்மில், ஐந்தாம் கியரில், மணிக்கு சுமார் 115 கி.மீ. போக வேண்டும். 15 பல் போட்டால் அதே 8000-ல் 123. எட்டு கி.மீ. லாபம் என்று தோன்றும்.

என்ஜின் ஐந்தாம் கியரில் 8000-ஐத் தொடுமா என்பதுதான் சங்கதி. காற்று சும்மா விடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் எட்டு மடங்காகும். மணிக்கு 100-லிருந்து 110-க்குப் போவது பத்து சதவீத வேகம்தான், ஆனால் காற்று கேட்கும் திறன் சுமார் 33 சதவீதம் ஏறிவிடும். என்ஜின் தரும் திறனும் காற்று கேட்கும் திறனும் எந்த வேகத்தில் சமமாகின்றனவோ அந்த இடத்தில் வண்டி நின்றுவிடும், அதாவது அதற்கு மேல் ஏறாது.

நம் வண்டி சமதளத்தில் 108 கி.மீ.யோடு மூச்சடைத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ஜின் சுமார் 7530 சுற்றில் இருக்கும். உச்சத் திறன் 8000-ல்தான் வருகிறது என்றால் அது இன்னும் உச்சத்தைத் தொடவே இல்லை. இந்த நிலையில் 15 பல் போட்டால் 108-ல் என்ஜின் வெறும் 7030 சுற்றில் இருக்கும். அங்கே திறன் இன்னும் குறைவு. காற்றோ அதே அளவைக் கேட்கிறது. விளைவு: 108-ஐக்கூடத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். வேகத்துக்காகப் பல் கூட்டியவர் இருந்த வேகத்தையும் கொஞ்சம் இழந்தார்.

பல் கூட்டினால் டாப் ஸ்பீடு கூடுவது எப்போது? கடைசிக் கியரில் என்ஜின் உச்சத் திறனைத் தாண்டிப்போய், ஆர்பிஎம் வரம்பில் முட்டி நிற்கும் வண்டிகளில்தான். சிறிய என்ஜின்களில் பெரும்பாலும் முதலில் தடுப்பது காற்று, ஆர்பிஎம் வரம்பு அல்ல. உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய விரும்பினால் பந்தயத் தடம் போல மூடிய இடத்தில் மட்டும் பாருங்கள். பொதுச் சாலையில் இதைச் சோதிக்கிறவர் கணக்கு வேறு ஒன்றாக முடியும்.

மைலேஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. விகிதம் இறங்கினால் அதே வேகத்தில் என்ஜின் குறைவாகச் சுற்றும், உள்ளே உராய்வில் போகும் இழப்பும் குறையும். சீரான வேகத்தில் வெகுதூரம் போகிறவருக்கு இது கொஞ்சம் உதவலாம். நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு உதவாது. கிளம்பும்போதெல்லாம் கிளட்சைக் கூடுதலாக அரைக்க வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

இந்த இரண்டு பகுதிகளின் சாரம்: ஸ்ப்ராக்கெட் பவரைக் கூட்டாது, இருக்கும் பவர் எந்த வேகத்தில் கைக்கு வருகிறது என்பதை நகர்த்தும். டாப் ஸ்பீடைப் பெரும்பாலும் காற்றுதான் முடிவு செய்கிறது.

செயினுக்கு என்ன ஆகிறது?

பல்லைப் பற்றி மட்டும் பேசிவிட்டு செயினை மறந்துவிடுவது வழக்கம். இன்று நாம் பயன்படுத்தும் புஷ் ரோலர் செயினை ஹான்ஸ் ரெனால்டு 1880-ல் உருவாக்கினார். அடிப்படை வடிவம் இன்றும் அதுதான்: கண்ணிகளைக் கோக்கும் ஆணி, அதைச் சுற்றிக் குழல், குழலைச் சுற்றி உருளும் ரோலர்.

செயின் அளவைச் சொல்லும் 428, 520, 525, 530 என்ற எண்களில் ஒரு சின்ன ரகசியம் இருக்கிறது. முதல் இலக்கம் பிட்ச். ஒரு கண்ணியின் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள தூரம்தான் பிட்ச். அந்த இலக்கத்தை எட்டால் வகுத்தால் அங்குலக் கணக்கு வரும். 4 என்றால் எட்டில் நான்கு அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து அங்குலம், 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் அகலத்தைக் குறிக்கின்றன. 520-ம் 525-ம் ஒரே பிட்ச்தான், ஆனால் அகலம் 6.35 மி.மீ., 7.94 மி.மீ. என்று வேறுபடும். அதனால் பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும், 525 செயினுக்கு 520 ஸ்ப்ராக்கெட் பொருந்தாது. வாங்கும்போது இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

முன் ஸ்ப்ராக்கெட் சிறிதாகச் சிறிதாகச் செயின் படும் பாடு கூடும். காரணம் மூன்று.

ஒன்று, வளைவு. 15 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் 24 டிகிரி மடங்குகிறது. 13 பல்லில் சுமார் 27.7 டிகிரி. ஒரே நாளில் ஆயிரமாயிரம் முறை மடங்கும் மூட்டுக்கு இந்த வித்தியாசம் சும்மா இல்லை.

இரண்டு, இழுப்பு. அதே முறுக்குவிசை சிறிய வட்டத்தின் ஓரத்தில் கூடுதல் இழுவிசையாக மாறும். 14-க்குப் பதில் 13 என்றால் செயினில் சுமார் 7.5 சதவீதம் கூடுதல் இழுப்பு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்ப்ராக்கெட் முழு வட்டமல்ல, பல் எண்ணிக்கை அளவு பக்கங்கள் உள்ள பலகோணம். பலகோணம் சுழலும்போது செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும். 15 பல்லில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் 2.2 சதவீதம், 13-ல் 2.9, 12-ல் 3.4. பக்கங்கள் குறையக் குறைய மொரமொரப்பு கூடும். பெஞ்சில் பென்சிலை உருட்டிப் பாருங்கள்: ஆறு பக்கப் பென்சில் தட்டித் தட்டிப் போகும், உருண்டைப் பென்சில் வழுக்கிக்கொண்டு போகும்.

இதனால், ஒரே விகிதத்தை எட்ட இரண்டு வழி இருந்தால் பின்னால் கூட்டுவதே செயினுக்கு இதம். 13-க்கு 42-ஐவிட 14-க்கு 45 மேல். ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் மலிவு, அதைக் கழற்ற ஒரு மணி நேரம் போதும், பழைய செயினே பெரும்பாலும் எட்டிவிடும். பின்னால் மூன்று பல் கூட்டினால் கூடுதல் செயின் தேவைப்படலாம். மக்கள் முன்பல்லிலேயே விளையாடுவதற்குக் காரணம் இந்தச் சௌகரியம்தான், வேறு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோமே, அந்த இரும்பு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் குழலும் தேய்கின்றன. 520 செயினில் 20 கண்ணிகளின் நீளம் புதிதில் 317.5 மி.மீ. ஒரு மூட்டுக்கு வெறும் 0.16 மி.மீ. தேய்ந்தாலே 20 கண்ணிக்கு மூன்று மி.மீ.க்கு மேல் கூடிவிடும். பிட்ச் மாறிய அந்தப் பழைய செயினைப் புதுப் பற்களின் மேல் போட்டால் பற்களையும் தன் அளவுக்குத் தின்றுவிடும். அதனால்தான் தேய்ந்த நிலையில் முன், பின், செயின் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். சோதிப்பது எளிது: பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். பாதிப் பல் தெரியும் அளவுக்கு எழும்பி வந்தால் அந்தச் செயினின் காலம் முடிந்தது. அதன் மேல் விகித ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

மலைப்பாதை, பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை, அல்லது மண் தடத்தில் ஊர்ந்து போக வேண்டிய பயணம் என்றால் இழுவைப் பக்கம். முதல் கியரிலேயே கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இதற்கு நல்ல அடையாளம். தேங்கிய நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கும் இது பொருந்தும்.

நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓட்டம், கடைசிக் கியரில் என்ஜின் இன்னொரு கியர் கேட்பது போலச் சத்தம், ஆனால் அந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்னும் சுறுசுறுப்பாக இழுக்கிறது என்றால் ஓட்டப் பக்கம் போகலாம். கடைசி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே கடைசிக் கியரில் சிறு மேடு வந்தாலே நான்குக்கு இறங்கும் வண்டியில் பல் கூட்டினால் ஐந்தாம் கியர் அலங்காரப் பொருளாகிவிடும்.

இரண்டு அடையாளமும் இல்லையென்றால் உங்களுக்கு ஸ்ப்ராக்கெட் மாற்றம் தேவையில்லை என்பது என் கருத்து. செயினைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, டயரில் சரியான காற்று நிரப்புங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் முதலில் முன்னால் ஒரு பல், அல்லது பின்னால் இரண்டு மூன்று பல். அதற்கு மேல் தாவினால் வேறு தொல்லைகள் தொடங்கும். மிகச் சிறிய முன் ஸ்ப்ராக்கெட்டில் செயின் தாழ்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் உள்ள ரப்பர் பட்டையை அறுக்கும். மிகப் பெரியது உள்ளே உறையில் இடிக்கும்.

இன்னொன்று, வேகமானி. சில வண்டிகளில் அது முன்சக்கரத்திலிருந்து வேகத்தை எடுக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. சிலவற்றில் கியர்பாக்ஸ் அச்சிலிருந்து எடுக்கும். அந்த வகையில் 15 பல் போட்டால், மானி 80 காட்டும்போது உண்மையில் சுமார் 86-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 13 பல்லில் அதே 80 உண்மையில் சுமார் 74. மாற்றியதும் "வண்டி 120 தொட்டுச்சு" என்று குதிப்பவர்களில் சிலர் தொட்டது மானியை மட்டும்தான். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவுக்குப் பிசகும், அதை நம்பிச் சொல்லும் மைலேஜும் பிசகும்.

மாற்றும் நாளில்

முன் ஸ்ப்ராக்கெட் நட்டைச் செயினைக் கழற்றுவதற்கு முன்பே தளர்த்துங்கள். கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடித்தால் சக்கரம் அசையாது, நட்டு கழலும். செயினைக் கழற்றிய பிறகு இதை நினைத்தால் அச்சு சும்மா சுற்றும், பாதி நாள் போய்விடும். நட்டுக்கு அடியில் மடக்கிவிட்ட பூட்டுத் தகடு இருந்தால் அதைத் தட்டி நிமிர்த்தித்தான் கழற்ற வேண்டும். பூட்டும்போது புதுத் தகடு போடுங்கள்.

ஒரு பல் மாறினால் 520 செயினில் பின் அச்சு சுமார் 4 மி.மீ. நகரும். பல் குறைந்தால் பின்னோக்கி, கூடினால் முன்னோக்கி. பின்னால் மூன்று பல் கூட்டினால் 12 மி.மீ. முன்னோக்கி. ஸ்விங் ஆர்மில் உள்ள சரிசெய்யும் திருகுக்கு அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு செயின் தொய்வை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். இரண்டு பக்கமும் அச்சுக் குறி ஒன்றாக நிற்க வேண்டும். கிளிப் வைத்த இணைப்புக் கண்ணி என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல்வரிசையில் இருக்கும்போது முன்பக்கம். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

கழற்றிய பழைய ஸ்ப்ராக்கெட் நல்ல நிலையில் இருந்தால் எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். நான் ஒருமுறை 14-ஐ 13 ஆக்கினேன். முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் சந்தோஷம். இரண்டாம் மாதம் ஒரு நீண்ட பயணத்தில், ஐந்தாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே என் இடது கால் கியர் நெம்புகோலுக்கு அடியில் நுழைந்து இன்னொரு கியருக்குத் தூக்கியது. இல்லாத ஆறாவது கியர். அன்று மட்டும் பத்துப் பதினைந்து முறை தூக்கியிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணிச்சுருளைத் தேடி எடுத்தேன்.